மூன்றாவது ஃபியூஸ்

என் சின்ன மகள் கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் சூறைக்காற்றில் கிளம்பிப் போய்ப் பக்கத்துக் காட்டுக் கிணற்றில் விழுந்ததே, அந்த வருஷம்தான் எங்கள் தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. வருஷத்தை நம்பராகக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பந்தல் பறந்தது வைகாசியில். கிணற்றிலிருந்து துணியையும் மூங்கிலையும் எடுத்துக் கொடுத்துப் பந்தல்காரரைச் சமாதானம் செய்து அனுப்புவதற்குள் ஆடி வந்துவிட்டது. ஆடிப் பதினெட்டு கழிந்த வாரம் கிரேன் வண்டியில் டிரான்ஸ்பார்மரைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆக, அந்த வருஷம்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. தெருவில் பாதிப் பேருக்கு முன்பக்கம் வீடு, பின்பக்கம் விசைத்தறி ஷெட். எனக்கும் அப்படித்தான். இப்போது தறியைப் பார்த்துக்கொள்வது என் பையன். நான் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தத் தறி சத்தம் மாறுகிறது என்று காதால் மேய்த்துக்கொண்டிருப்பேன். கேட்டுச் சொன்னால் "செரிங்கப்பா" என்பான். போய்ப் பார்ப்பானா என்பது வேறு.

முன்பிருந்த டிரான்ஸ்பார்மர் சின்னது. அதுவும் தெருவைத் தாண்டி, பால் சொசைட்டிக்கு எதிரில் இருந்தது. எல்லாத் தறியும் ஓடுகிற மத்தியான நேரத்தில் எங்கள் ஷெட்டுக்கு வந்து சேருகிற கரண்ட், வெயிலில் நடந்து களைத்த ஆள் மாதிரி வரும். டியூப் லைட் மினுக்கும். மோட்டார் முக்கும், சூடேறும், கடைசியில் வெந்துபோகும். வெந்த மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கொண்டுபோய்க் கொண்டுவந்தே என் நடுவயது கழிந்தது என்று சொல்லலாம். அதனால் பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று தெருவே சேர்ந்து அலைந்தோம். வந்த பிறகு எங்கே நிறுத்துவது என்று தகராறு. என் வாசலில் வேண்டாம், உன் வாசலில் வேண்டாம் என்று இழுத்து, முடிவில் என் ஷெட்டுக்கும் என் மச்சினன் ஷெட்டுக்கும் நடுவில் இருந்த சந்தின் முனையில் நிறுத்தினார்கள். மச்சினன் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. அவனுக்கும் எனக்கும் அந்தச் சந்துதான் இடைவெளி.

அன்று தேங்காய் உடைத்தோம். மோட்டார் எல்லாம் வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி ஓடின. மச்சினனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"மாமா, இனி பந்தியில மொத எலை நம்மளுதுங்க. நம்மளுக்குப் போட்டது போகத்தான் மத்தவிங்களுக்கு," என்றான்.

டிரான்ஸ்பார்மர் பெரிதாகிப் பக்கத்திலும் வந்துவிட்டால் உள்ளே இருக்கிற மெயின் ஸ்விட்சையும் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவர்களும் சொல்லவில்லை. கரண்ட் ஆபீஸ்காரர்கள் வயரை மாட்டினார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். எனக்கு இன்றுவரை எரிச்சல் அடங்காத இடம் அதுதான்.

மெயின் ஸ்விட்ச் என்பது ஓர் இரும்புப் பெட்டி. பக்கத்தில் கைப்பிடி. தூக்கினால் ஷெட் ஓடும், இறக்கினால் நிற்கும். உள்ளே மூன்று பீங்கான் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஃபியூஸ் கம்பி. நான் ஷெட் போட்ட காலத்தில் மாட்டியது. எங்கள் பக்கத்தில் காலையில் முதன்முதலாக மெயினைத் தூக்குவது வீட்டுப் பெண்களின் கை. குளித்துவிட்டு வந்து, பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்து, கைப்பிடியைத் தூக்குவார்கள். என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் அவள். அவள் போன பிறகு மருமகள். ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கு சில்வர் பெயிண்ட் அடித்துச் சந்தனம் பூசுவோம். பெட்டியின் நெற்றியில் சின்னதாக ஒரு தகடு அறைந்திருந்தது. அதன்மேலும் பெயிண்ட், அதன்மேல் சந்தனம், அடுத்த வருஷம் அதன்மேல் பெயிண்ட். தகட்டில் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அது இங்கிலீஷ். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஃபியூஸ் போனால் கம்பி போடுவது நாங்களேதான். அதில்தான் தறிக்காரன் புத்தி வேலை செய்தது. நூல் அறுந்தால் தறி நிற்கும். பிறந்ததிலிருந்து நாங்கள் மல்லுக்கட்டுவது நூல் அறுவதோடுதான். அறாத நூல் நல்ல நூல், அறுகிற நூல் மட்ட நூல். கஞ்சி போடுவதும் முறுக்கு ஏற்றுவதும் ரெண்டு இழையை ஒன்றாகச் சேர்ப்பதும் அறாமல் இருப்பதற்குத்தான். அதே கண்ணால் ஃபியூஸ் கம்பியையும் பார்த்தோம். போய்விட்டதா, இன்னும் ரெண்டு இழை சேர். செம்பு வயரை உரித்து, தொடையில் வைத்து உருட்டி, முறுக்கேற்றிப் போடுவோம். மச்சினன் முறுக்கினால் தாலிக்கயிறு மாதிரி இருக்கும். "நம்ம இழை அத்துப்போகாதுங்க" என்று அதில் பெருமை வேறு. வேறு தொழில்காரர்கள் இவ்வளவு நேர்த்தியாக இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

பழைய டிரான்ஸ்பார்மர் இருந்தவரை அந்த இழைகள் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. எப்போதாவது ஷார்ட் ஆனால் பெட்டிக்குள் "டப்" என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அதை வைத்துப் பெட்டி நல்ல பெட்டி என்று முடிவு செய்திருந்தோம்.

புது டிரான்ஸ்பார்மர் வந்து சில தீபாவளிகள் கழிந்தன. ஒரு நாள் காலை டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன். மச்சினன் ஷெட்டில் தறிகள் நின்றன. மெயின் ஃபியூஸ் போயிருக்கிறது. உள்ளே பெருச்சாளி வயரைக் கடித்து, ரெண்டு கம்பி ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அதை யாரும் தேடவில்லை. வழக்கம்போல அவன் இழையைக் கூட்டி முறுக்கிப் போட்டான். அவன் வீட்டுக்காரி அன்று மலைக்கோயிலுக்குப் போயிருந்தாள். அதனால் அவனே கைப்பிடியைத் தூக்கினான்.

லாரி டயர் வெடித்தது என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டியின் கதவு எதிர்ச் சுவர் ஓரத்தில் கிடக்கிறது. பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கரியாக நிற்கிறது. மச்சினன் தரையில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டிருந்தான். புருவம் பொசுங்கிப் போயிருந்தது. என்னைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"இழை அத்துப்போகலீங்க மாமா."

ஈரோட்டில் ஆஸ்பத்திரி. கண் தப்பியது. வலது கை விரல்கள் மூன்று இன்றுவரை மடங்கவில்லை.

கரண்ட் விபத்து என்பதால் அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வந்தார். பெண். என் சின்ன மகள் வயது இருக்கும். கரிந்த பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இது எவ்வளவு தாங்குற ஸ்விட்ச் ஐயா?"

"நூறு ஆம்ப்ஸுங்க. எங்க லோடு நாப்பதுகூட வராதுங்க. பெரிய ஸ்விட்சுதானுங்க," என்றேன்.

"அது தினமும் ஓடுற கரண்டுக்குச் சொல்ற கணக்கு. ஷார்ட் ஆனா எவ்வளவு தாங்கும்?"

"ஷார்ட் ஆனாலும் அதே கரண்டுதானுங்களே வரும்?"

அவர் சிரிக்கவில்லை. வீட்டு மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்.

"அதுலேர்ந்து தினம் நீங்க எடுக்கிறது சில குடம். அடிக் குழாயே ஒடஞ்சு போச்சுன்னா அந்தச் சில குடம்தான் வருமா? தொட்டியில இருக்கிறது அத்தனையும் கொட்டும். கரண்டும் அப்படித்தான். பழைய டிரான்ஸ்பார்மர் சின்னத் தொட்டி, தூரத்துல இருந்துச்சு. இது பெரிய தொட்டி, சுவர் ஓரத்துலயே நிக்குது. கம்பி ரெண்டு ஒட்டுச்சுன்னா அந்த ஒரு நொடியில ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அதை வெடிக்காம தாங்குறதுக்கு ஸ்விட்சுக்குத் தனியா ஒரு அளவு உண்டு. கிலோ ஆம்பியர்னு தகட்டுல போட்டிருப்பாங்க. கிலோன்னா ஆயிரம்."

பிறகு என் ஷெட்டுக்கும் வந்தார். எங்கள் பெட்டியும் அதே காலத்துப் பெட்டிதான். நெற்றித் தகட்டைச் சாவியால் சுரண்டினார். சந்தனம் வந்தது, பெயிண்ட் வந்தது, மறுபடி சந்தனம், மறுபடி பெயிண்ட். அடியில் எழுத்துத் தேய்ந்துபோயிருந்தது. நூறு என்ற நம்பர் மட்டும் தெரிந்தது.

"ஷார்ட் ஆனா எவ்வளவு தாங்கும்னு இதுல தெரியல. தெரியலைன்னா தாங்காதுன்னே வெச்சுக்கங்க ஐயா. மாத்துற வரைக்கும் யாரு தூக்குனாலும் நேரா நிக்காதீங்க. பக்கவாட்டுல நின்னு முகத்தைத் திருப்பிக்கிட்டுத் தூக்கணும்."

மருமகள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான் தெனமும் காத்தால போயி கையை வெக்கறது..." என்று ஆரம்பித்தாள். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். மச்சினன் கையை ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது பார்த்தவன் நான்.

அதற்குப் பிறகு எனக்கு இருந்தது ஒரே வேலை. அந்தப் பெட்டியை மாற்ற வேண்டும். என் பையனிடம் சொன்னேன்.

"அப்பா, முப்பது வருசமா ஓடற பொட்டிங்க. மாமனுக்கு வந்தது பெருச்சாளியால."

"பொட்டி முப்பது வருசம் செரி. அந்த டிரான்ஸ்பார்மரு முப்பது வருசமா இருக்குதாடா சாமி?"

செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அவனுக்குப் பதில் தெரியாத போதெல்லாம் யாராவது போன் செய்கிறார்கள். இப்படியே நாள் போயிற்று. மருமகள் காலையில் அந்தப் பெட்டிக்குப் பக்கவாட்டில் நின்று, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, இடது கையால் தூக்குவாள். தறி ஓடுகிற சத்தம் கேட்டால்தான் நான் டீ டம்ளரை எடுப்பேன்.

ஒரு வழியாக, தறி சாமான் வாங்க அவன் சேலம் கிளம்பிய நாளில் நானும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "நீங்க எதுக்குங்கப்பா வெயில்ல?" என்றான். சேலம் எல்லையில் கொண்டலாம்பட்டி வரும்வரை நான் பேசவே இல்லை. பேசினால் வழியிலேயே இறக்கிவிட்டிருப்பான். கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடை. அப்பா காலத்திலிருந்து எலக்ட்ரிக் சாமான் விற்கிறவர்கள். கடைக்குள் நுழைந்ததும் பையன், "மெயின் ஸ்விட்ச் ஒண்ணு குடுங்க" என்றான்.

"எத்தனை ஆம்ப்ஸ்?" என்றார் பாய்.

"ஆம்ப்ஸ் நூறுங்க பாய்," என்று நான் நடுவில் புகுந்தேன். "ஷார்ட் ஆனா எவ்வளவு தாங்கும்னு சொல்லுங்க."

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஷார்ட் ஆகாம பாத்துக்கங்க பெரியவரே."

பக்கத்தில் போர்வெல் ரிக் லாரிக்கு வயர் வாங்க வந்த ஓர் ஆள் நின்றிருந்தான். "ஏனுங்க பெரியவரே, ஸ்விட்சு வாங்கறீங்களா, பொண்ணுக்கு ஜாதகம் பாக்கறீங்களா?" என்றான். கடையே சிரித்தது. என் பையனும் சிரித்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"ஜாதகம் பாத்துக் கட்டி வெச்ச பொண்ணோட கைதானுங்க தம்பி அதுல தெனமும் படுது," என்றேன்.

சிரிப்பு நின்றது. பாய் உள்ளே போய் ரெண்டு பெட்டிகளை எடுத்து வந்தார். தூசி தட்டி, செல்போன் வெளிச்சத்தில் தகட்டைப் படித்தார்.

"இதுல ஆம்ப்ஸ் மட்டும்தான் இருக்கு. நீங்க கேக்குறது போடவே இல்ல. போடாததை நான் எப்படிச் சொல்றது? இது பாருங்க, இதுல அம்பது கிலோ ஆம்பியர்னு இருக்கு. ஆனா கீழ ஒரு வரி போட்டிருக்கான். இன்ன ஃபியூஸ் மாட்டினாத்தான் அந்த அம்பது. எச்.ஆர்.சி. ஃபியூஸ். கம்பி கிம்பி சுத்துனீங்கன்னா இந்தத் தகட்டைப் பிச்சு எறிஞ்சிருங்க. அது உங்களுக்கு எழுதுனது இல்ல."

அந்த ஃபியூஸையும் காட்டினார். வெள்ளைப் பீங்கான் உடம்பு, ரெண்டு முனையிலும் தகடு. உள்ளே மணல் அடைத்திருக்குமாம். ஷார்ட் ஆனதும் உள்ளேயே அறுந்து, நெருப்பை மணல் விழுங்கிவிடுமாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலம் அறக்கூடாது அறக்கூடாது என்று முறுக்கியிருக்கிறோம். இதைக் கண்டுபிடித்தவன் அறுந்துபோவதற்கென்றே ஓர் இழையைச் செய்து, அது சட்டென்று அற வேண்டுமே என்று பாடுபட்டிருக்கிறான்.

"மூணு வேணும். கையில இருக்கிறது ரெண்டுதான். ஒண்ணு அடுத்த வாரம் வந்துரும்," என்றார் பாய்.

"ரெண்டக் குடுங்க பாய், ஒண்ணு பொறவு வாங்கிக்கறோம்," என்றான் என் பையன்.

எனக்குப் பெட்டி கைக்கு வந்ததே போதும் என்றிருந்தது. மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் நாமக்கல்லில் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீட்டுச் சீர். போகாமல் இருக்க முடியாது. போய் ஒரு ராத்திரி தங்கி, காலை முதல் பஸ்ஸில் திரும்பினேன். தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது, எங்கள் ஷெட்டில் சத்தம் இல்லை. தறி ஓட்டுகிறவர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பையன் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா ஓடலை?"

"உங்க மருமவளைக் கேளுங்க."

மருமகள் புதுப் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெட்டிக் கதவைத் திறந்து, கையை உள்ளே விடாமல் தள்ளி நின்று காட்டினாள். "பாருங்க மாமா. நேத்து எலக்ட்ரீசியன் மாட்டிப்போட்டுப் போன சீரை."

ரெண்டு வெள்ளைக் கட்டைகள் புதுசு. மூன்றாவது, எங்கிருந்தோ கொண்டுவந்த வெந்துபோன பழைய ஃபியூஸ். அதன் முதுகில் செம்பு இழை சுற்றியிருந்தது. நன்றாகவே முறுக்கியிருந்தார்கள்.

"மூணுல ரெண்டு செரியா இருக்குதுல்லங்க," என்றான் பையன். "ஒரு வாரம். அதுக்குள்ள என்ன குடி முழுகிப்போகுது?"

"எந்தக் கம்பி ஒட்டப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லுவாங்களா?" என்றாள் அவள்.

வெளியே டீ டம்ளரோடு நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பையனுக்கு அது இன்னும் ஏறிவிட்டது.

"நேத்து வரைக்கும் பழசையே தூக்குனயில்ல?"

"பயந்துக்கிட்டே தூக்குனேனுங்க. புதுசு மாட்டியும் பயந்துக்கிட்டே தூக்கோணுமா?"

"செரி, தள்ளு. நானே தூக்கறேன்."

அவள் தள்ளவில்லை. "நீங்க தூக்குனா அது கை இல்லீங்களா? சித்தப்பாவுக்குச் சோறு ஊட்டறது யாருன்னு போயிப் பாத்துட்டு வாங்க. அப்புறம் தூக்குங்க." சித்தப்பா என்று அவள் சொன்னது என் மச்சினனை.

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு ஒத்தாசையாக ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்தான் போல.

"அவ சொல்றதுதான்டா," என்றேன்.

"பாவுத் துணி இன்னைக்குத் தறிய விட்டு எறங்கலைன்னா யாவாரிகிட்ட நீங்கதான் பேசோணும்."

"பேசறேன்."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அவன் போன பிறகு வியாபாரி போன் செய்தார். ஃபியூஸ் இல்லை என்றேன். "ஒரு கம்பி போட்டு ஓட்ட மாட்டாம இதென்னங்க கூத்து?" என்றார். அவர் ரொம்ப நேரம் பேசினார். நான் கேட்டுக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு ஆறிப்போன பிறகு பையன் ஈரோட்டிலிருந்து வந்தான். சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளைக் கட்டையை எடுத்து, என்னைப் பார்க்காமல் எலக்ட்ரீசியன் கையில் கொடுத்தான். கம்பத்தில் லைனை நிறுத்திவிட்டு மாட்டினார்கள். மருமகள் தகட்டையும் மூன்று ஃபியூஸையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியும். பிறகு பக்கவாட்டில் நின்று கைப்பிடியைத் தூக்கினாள். கண்ணை மூடவில்லை. தறிகள் ஓடின. பையன் என்னோடு முகம் கொடுத்துப் பேசப் பல நாள் ஆயிற்று. பேசாவிட்டால் போகிறான்.

எனக்கு ஆற்றாமை அதோடு தீரவில்லை. தெருவில் மற்ற ஷெட்டுகளில் அதே பழைய பெட்டி, அதே செம்பு இழை, அதே டிரான்ஸ்பார்மர். போய்ச் சொன்னால், "உங்களுக்குத்தான் மாத்தியாச்சுல்லங்க, பொறவென்ன?" என்கிறார்கள். ஒருத்தர், "உங்க மருமவளை வேணா அனுப்பி வெய்ங்க, எங்க ஷெட்டுலயும் வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கட்டும்," என்றார். மச்சினன் இப்போது பெரும்பாலும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். "என்ற கையையே காட்டிச் சொன்னேனுங்க மாமா. அய்யோ பாவம்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போயி இழை முறுக்கறாங்க," என்கிறான். இந்த ஜனங்களை என்ன செய்வது?

அதனால், நான் வாயால் சொல்லி எழுத வைத்த இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தறி இருக்காது, ஆனால் அரவை மில்லோ, தண்ணீர் மோட்டாரோ, பட்டறையோ வைத்திருக்கிற யாரையாவது தெரிந்திருக்கும். ஸ்விட்ச் வாங்கும்போது எத்தனை ஆம்ப்ஸ் என்று மட்டும் கேட்காமல், ஷார்ட் ஆனால் எத்தனை கிலோ ஆம்பியர் தாங்கும், எந்த ஃபியூஸோடு தாங்கும் என்று கேட்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் மூன்று வேண்டுமென்றால் மூன்றும் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். முதலாளியிடம் சொல்லி அவர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டால், காலையில் அந்தக் கைப்பிடியைத் தூக்குகிறவர் யாரென்று விசாரித்து, அவரிடம் சொல்லிவிடுங்கள்.